எவ்வளவு சந்தனம் சார்?

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய் கிடையாது. சொந்தப் பல் எதுவும் எனக்கு மிச்சமில்லை, அதனால் பல்செட்டின் மேல் ஆணை. பொய்யென்றால் நாளைக்கு நாலு பேர் முன்னால் முறுக்குக் கடிக்கும்போது அது கழன்று விழட்டும். அடுத்தவன் மண்டைக்குள் ஓடினது உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். சிகாமணி குடியிருப்பது எனக்கு நேர் மேல்வீடு. அவர் உட்கார்ந்தால் நாற்காலி சொல்லும், எழுந்தால் தரை சொல்லும், மீதியை ஜன்னல் சொல்லும். அப்படியும் விட்டுப்போன இடங்களில் நானாக எதையும் சேர்க்கவில்லை, அதுவாக வந்து சேர்ந்துகொண்டதற்கு நான் பொறுப்பில்லை.

தமிழுக்கு ஒன்றை அழுத்தவும் என்றது போன். சிகாமணி அழுத்தினார். பழுதுக்கு மூன்றை அழுத்தவும் என்றது, அதையும் அழுத்தினார். உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது என்று சொல்லிவிட்டு ஒரு புல்லாங்குழலைத் திறந்துவிட்டது. அந்தக் குழல் ஓரிடம் வரைக்கும் ஏறி, ஏறின இடத்தில் வழுக்கி, மறுபடி அடியிலிருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஏறட்டும், நல்லா ஏறட்டும், யாருமே எடுக்காவிட்டால்கூட நல்லதுதான் என்று ஒரு நினைப்பு ஓடியது, ஓடின சூட்டோடு எதிரே பார்த்தார், எதிரே இந்திராணி. மேசைக்கு அந்தப் பக்கம் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, திருநீறு வாங்கின கை மாதிரி உள்ளங்கையைக் குழித்து, அதில் தன் காது மெஷினை வைத்துக்கொண்டு அவர் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணை அல்ல, வாயை. காது மங்கின இத்தனை வருஷத்தில் அவள் பழகிக்கொண்ட பார்வை அது, உதடு அசைந்தால் சொல் அவளுக்குப் போய்விடும். எதிர்ச்சாரியில் போகிறவன் தனக்குத்தானே முனகினால் இவள் பால்கனியில் நின்றபடி, பாவம், மருமக சோறு போடலையாம் என்பாள். அவளிடமிருந்து இந்த வாயை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? மீசையையாவது எடுக்காமல் விட்டிருக்கலாம், அது இருந்திருந்தால் பாதிச் சொல்லை மறைத்திருக்கும், போன மாசம்தானே நரைத்துவிட்டது என்று மழித்தேன், புத்தி. கட்டைவிரலை முஷ்டிக்குள் மடக்கி வைத்துக்கொண்டார். நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது. சோப்புப் போட்டாயிற்று, எலுமிச்சைத் தோல் தேய்த்தாயிற்று, போகவில்லை. மூக்கருகே கொண்டுபோனால் சந்தனம் மணக்கிறது. நல்ல வாசனை என்று உலகமே சொல்கிற ஒரு வாசனை தனக்கு மட்டும் இப்படி நாறுகிறதே என்று நினைத்தபோது குழல் மறுபடி வழுக்கியது.

மத்தியானத்துக்கு மேல் ஸ்டெல்லா வருகிறாள். அதுதான் தொண்டையில் முள். இந்திராணி அந்தக் காலத்தில் திண்டுக்கல் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் ஆபரேட்டர். வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் அவளைக் கேட்க வேண்டும், அவள் திருச்சியைக் கூப்பிடுவாள், திருச்சியில் ஸ்டெல்லா எடுப்பாள். ஆபரேட்டர்களுக்குள் பேர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை, ஊர்தான் பேர். என்னா திருச்சி, சாப்ட்டியா? ஆச்சு திண்டுக்கல், இன்னிக்குக் கருவாடு. ஸ்டெல்லாவின் தடுமல் பிடித்த மூக்கு, ஸ்டெல்லாவின் மூத்த பிள்ளை பேச ஆரம்பித்தது, ஸ்டெல்லாவின் மாமியார் போய்ச் சேர்ந்தது எல்லாம் இந்திராணிக்குக் காது வழியாகத் தெரியும். முகம் தெரியாது. ஒருநாளும் பார்த்ததில்லை. ஓய்வு பெற்றவர்களின் வாட்ஸப் குழுவில் இப்போதுதான் ஒருத்தியை ஒருத்தி கண்டுபிடித்து, எழுத்திலேயே பேசிக்கொண்டு, இங்கே ஒரு கல்யாணத்துக்கு வருகிற ஸ்டெல்லா, பந்தி முடிந்ததும் நேரே உன் வீடுதான் என்று எழுதியிருந்தாள். போட்டோ அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு இந்திராணி, வேண்டாம், முதல்ல குரலைக் கேக்குறேன், அப்புறம் மூஞ்சி என்று பதில் போட்டாள். அதைப் போட்டுவிட்டு அன்றைக்கெல்லாம் அடுப்படியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தாள். இப்போது மெஷின் செத்துக் கிடக்கிறது. ஸ்டெல்லா வாசலில் வந்து நிற்பாள், வாயை அசைப்பாள், முகந்தான் ஏற்கெனவே தெரியாது, குரலும் இல்லையென்றால் அங்கே நிற்கிறது யார்? பழப்பையோடு வந்த யாரோ ஓர் அம்மாள். தப்பான வீட்டு மணியை அடித்தவள் மாதிரி. இத்தனைக்கும் காரணம் இந்தக் கட்டைவிரல். இல்லை, கட்டைவிரல் என்ன செய்யும், அது நான் சொன்ன இடத்துக்குப் போகிறது. இல்லை, நான் சொல்லவில்லை, அதுவாகத்தான் போயிற்று. போயிற்றா?

"வணக்கம், நான் பெனிட்டா பேசறேன், உங்களுக்கு எப்படி உதவலாம்?" சின்னக் குரல். பின்னால் எங்கோ குக்கர் விசில். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற பிள்ளை போலிருக்கிறது என்று தோன்றியதும் அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது, குரலுக்குப் பின்னால் கேட்கிறது இந்திராணியின் பழக்கமல்லவா, இது எனக்கு எப்போது தொற்றியது? அவள் அப்படித்தான் அவரைப் பிடித்தாள், முதல் தடவை. மின்வாரியத்தின் ஸ்டோரில் இவருக்கு வேலை. பீங்கான் இன்சுலேட்டரும் கம்பிச் சுருளும் போகிறதா வருகிறதா என்று பார்க்கிற உத்தியோகம். திருச்சிக்கு ஆபீஸ் கால் போடும்போதெல்லாம் அந்த 'நம்பர் ப்ளீஸ்' என்ற குரலுக்காகவே கொஞ்சம் இழுப்பார். ஒருநாள் எடுத்துவிட்டார்: மேடம், சீக்கிரம் லைன் குடுங்க, நான் கரண்ட் டவர் உச்சியில தொங்கிக்கிட்டுப் பேசறேன், கீழே பார்த்தா ஆளெல்லாம் எறும்பு மாதிரி இருக்கு, காத்து வேற பலமா அடிக்குது. அந்தப் பக்கம் ஒயர் சொருகுகிற சத்தம். அப்புறம் நிதானமாக, "டவர் மேல ஃபேன் ஓடுமா சார்? பக்கத்துல யாரோ ரப்பர் ஸ்டாம்பு வேற குத்துறாங்களே." அன்றைக்கே அவர் தீர்மானித்துவிட்டார், கட்டினால் இவளைத்தான் என்று. பொய்யைப் பிடித்தவளைப் போய்க் கட்டுகிறவன் உலகத்தில் தான் ஒருத்தன்தான் இருக்க வேண்டும். பிடித்தவள் சிரித்தாள், அதனால்தானே. கல்யாணத்துக்குப் பிறகும் பிடித்தாள், பிடிக்கும்போதெல்லாம் சிரித்தாள். அப்புறம் மெதுவாக, யாரோ வால்யூமைத் திருகிக் குறைக்கிற மாதிரி, அவள் காது போக ஆரம்பித்தது. இடது காது முழுசாகவே போயிற்று. வலது காதுக்கு இந்த வருஷம்தான் மெஷின் வாங்கினார்கள்.

"சார்? லைன்ல இருக்கீங்களா?" இருக்கேம்மா, எங்கே போவேன் என்றவர் அடுத்த மூச்சில் குரலை உயர்த்திக்கொண்டார். கோபம்தான் நல்ல போர்வை. என்ன கம்பெனிம்மா நடத்தறீங்க, வாங்கி முழுசா ஒரு வெயில் காலம்கூடப் பார்க்கல, தானா நின்னுபோச்சு, ராத்திரி நல்லா இருந்தது, காலையில பேச்சு மூச்சில்லை. சொல்லும்போதே இந்திராணி அவர் உதட்டிலிருந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டு ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். அந்த ஆமாம்தான் அவரைச் சுட்டது. சார்ஜ் பெட்டியில வச்சா பச்சை லைட்டு எரியுதா சார்? எரியுது. கீழே விழுந்துச்சா? இல்லை. தண்ணி பட்டுச்சா, குளிக்கும்போது போட்டிருந்தாங்களா? இல்லை இல்லை. வேற ஏதாவது பட்டுச்சா சார், எண்ணெய், பவுடர், அந்த மாதிரி? இந்த இடத்தில் நாக்கு ஒரு கல்லில் இடறியது. எண்ணெயா, பவுடரா என்றுதானே கேட்கிறாள், சந்தனம் எண்ணெயுமில்லை பவுடருமில்லை, ஆக இல்லை என்பது பொய்யாகாது. "இல்லை." இந்திராணி காதில்லாதவர்களின் பெரிய குரலில், "என்ன கேக்குறாங்க?" என்றாள். "லைட்டு எரியுதான்னு." "பச்சையா எரியுதுன்னு சொல்லுங்க, நல்லாச் சொல்லுங்க." அந்தப் பக்கம் பெனிட்டா, "அம்மாவா சார்? என்ன ஒரு கணீர்னு குரல்," என்றாள். ஆமாம்மா, கணீர்தான். மாவட்டம் முழுக்கக் கேட்ட குரல்.

அந்தக் கணீர்தான் நவராத்திரியில் அவரை அறுத்தது. அபார்ட்மென்ட் சங்கத்துச் சுண்டல் அன்றைக்கு, கீழ் ஹாலில் சிகாமணி தன் கதைகளுக்கெல்லாம் ராஜாவான கதையை எடுத்தார். எல்லாருக்கும் தெரிந்த கதைதான், ஆனாலும் கேட்பார்கள். புயல் அடித்த ராத்திரி, தியேட்டருக்குப் போகிற மெயின் கம்பி அறுந்து ரோட்டில் கிடக்கிறது, உள்ளே கிளைமாக்ஸ், ஜனம் சீட்டைக் கிழிக்கிறது, சிகாமணி என்ன செய்கிறார், ரெண்டு கையிலும் ரப்பர் கிளவுஸ், அறுந்த கம்பியின் ரெண்டு முனையையும் பிடித்து ஒன்றோடொன்று ஒட்ட வைத்தபடி, மழையில், மரம் மாதிரி, கதாநாயகன் வில்லனை முடிக்கிறவரை நிற்கிறார். கை நடுங்கினால் திரையில் கதாநாயகனும் நடுங்குகிறான். இந்தக் கதையை அவர் எத்தனை வருஷமாகச் சொல்கிறார் என்றால், அவரே அந்தக் கம்பியின் சூட்டை உள்ளங்கையில் உணர்வார். சொல்லும்போதெல்லாம் இந்திராணி பக்கத்தில் இருப்பாள், ஒன்றும் கேட்காமல், மனிதர்கள் சிரிக்கிற இடத்தில் தானும் சிரிப்பாள். கேட்கிறவர்கள் அவள் முகத்தைப் பார்ப்பார்கள், வீட்டுக்காரியே சிரிக்கிறாளே, அப்போது நிஜந்தான். அந்தச் சிரிப்பைச் சாட்சியாக நிறுத்தித்தானே இத்தனை காலம் கதை ஓட்டினேன். காது கேட்காதவளைக் கோர்ட்டில் ஏற்றி எனக்குச் சாதகமாகச் சிரிக்க வைத்திருக்கிறேன். அது அப்போது உறைக்கவில்லை. அன்றைக்குத்தான் மெஷின் இருந்ததே. கதாநாயகன் வில்லனை முடிக்கப் போகிற நேரம், பின்வரிசையிலிருந்து அந்தக் கணீர், கோபமில்லை, கேலியில்லை, லைன் கொடுக்கிற மாதிரி நிதானமாக: "அந்தப் புயலுக்கு நீங்க பெரியகுளத்துல எங்க அக்கா வீட்ல இருந்தீங்க. வயித்துப்போக்கு." ஹால் இடிந்தது. செயலாளர் சுண்டல் தொன்னையோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு அடங்கும்போதெல்லாம் யாராவது ஒருத்தர் 'கிளைமாக்ஸ்' என்பார், மறுபடி கிளம்பும். லிஃப்ட்டில் ஏறினால் பக்கத்துவீட்டுக்காரர் இன்னும் கேட்கிறார், என்னா சார், வயிறு எப்படி இருக்கு? இந்திராணி அன்றைக்குச் சிரிக்கவில்லை. தப்பாச் சொல்லிட்டேனா என்று ராத்திரி கேட்டாள். காதில் மெஷினோடு கேட்டாள். அவர் தூங்குகிற மாதிரிக் கிடந்தார்.

அதற்கு ரெண்டு நாள் கழித்து ஆயுத பூஜை. வீட்டிலுள்ள ஆயுதமெல்லாம் சாமி முன்னால் வர வேண்டும், அன்றைக்கு அதைத் தொட்டு வேலை வாங்கக் கூடாது, மறுநாள் பூஜை முடித்துத்தான் எடுக்க வேண்டும். அரிவாள்மனை வந்தது, ஸ்குரூ டிரைவர் வந்தது, மிக்ஸியை நகர்த்த முடியாது, அதற்கு இருந்த இடத்திலேயே பொட்டு. அப்போது அவர் சொன்னார், உன் மெஷினும் ஆயுதம்தானே இந்திரா, வைக்காம விட்டா நல்லா இருக்குமா? அவள் யோசித்தாள். ஒரு நாள் முழுக்கக் காதில்லாமலா என்றாள். ஒரு நாள்தானே என்றார். பக்தி என்றுதான் நினைத்தார், அப்படித்தான் நினைத்ததாக நினைத்தார். கழற்றிக் கொடுத்தாள். அன்று மத்தியானம் சுண்டலுக்கு வந்த புது வாடகைக்காரர்களுக்கு, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க, கிளைமாக்ஸை முதலிலிருந்து கடைசிவரை சொன்னார். யாரும் குறுக்கே வரவில்லை. அவள் சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தாள். எவ்வளவு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இப்போது அடிவயிறு இறங்குகிறது. பெரியகுளம் தோற்றது போங்கள்.

"சரிங்க சார்," என்றாள் பெனிட்டா. கீபோர்டு தட்டுகிற சத்தம். "லைட்டு எரியுது, எதுவும் படல, விழல, அப்படின்னா உள்பாகத்துல கோளாறு. கூரியர் ஆள் வந்து வாங்கிப்பார், சரி பண்ணித் திரும்பி வர மூணு வாரம் ஆகும். புக் பண்ணிடவா சார்?" மூணு வாரம் என்றபோது முதலில் வந்தது நிம்மதி, அதைச் சொல்லாமல் விடுவது சரியில்லை. கூரியர்காரன் வருவான், பொட்டலத்தோடு குற்றத்தையும் எடுத்துக்கொண்டு போவான், எந்த ஊரிலோ எவனோ திறந்து பார்ப்பான், பார்த்தால் பார்க்கட்டும், அவனுக்கா என்னைத் தெரியும். "மூணு வாரமா?" என்று வாய் தன்பாட்டில் திருப்பிச் சொல்லிவிட்டது. சொன்னது இந்திராணிக்குப் போயிற்று. உள்ளங்கையை மெதுவாக மூடினாள். எழுந்துபோய்ச் சார்ஜரிலிருந்த தன் போனை எடுத்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "என்ன பண்றே?" என்று உதட்டால் கேட்டார். "ஸ்டெல்லாவ வர வேணாம்னு சொல்லிடறேன். தலை சுத்துதுன்னு போட்டுடறேன்." அவளுக்குப் பொய் எழுத வராது. ஒரு எழுத்தை அழுத்துவாள், அழிப்பாள், மறுபடி அழுத்துவாள். ஜரிகை போட்ட பாட்டில்பச்சைப் புடவையைக் காலையிலேயே கட்டியாகிவிட்டது. எனக்காக இவள் பொய் சொல்கிறாள். எனக்காக என்று அவளுக்குத் தெரியாமலே. வாழ்நாளெல்லாம் நான் அவிழ்த்துவிட்ட பொய் பூராவும் ஒரு தட்டில், இவள் கண்ணாடிக்குள்ளிருந்து தேடித்தேடி எழுதுகிற இந்தத் தலைசுற்றல் ஒரு தட்டில். எது கீழே இறங்கும்?

"இரு!" என்று கத்தினார், கத்தினால் அவளுக்கு என்ன கேட்கும், கையை நீட்டிப் போனை மறைத்தார். பிறகு நாற்காலியை விட்டு எழுந்து சாமி அலமாரியைப் பார்த்து, அவளுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். "ஏம்மா, இப்ப, சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்குறேன். எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் வீட்ல இந்த மாதிரி மெஷின்ல சந்தனம் பட்டுப்போச்சு. அப்படிப் பட்டா என்ன ஆகும்?" கீபோர்டு தட்டும் சத்தம் நின்றது. "ஆயுத பூஜையா சார்?" "அவர் அப்படித்தான் சொன்னார்." பெனிட்டா சிரித்தாள், கீழ் ஹாலில் கேட்ட சிரிப்பில்லை, களைத்துப்போனவளுக்குத் திடீரென்று உட்கார இடம் கிடைத்த மாதிரிச் சிரிப்பு. "சார், காலையிலேர்ந்து இதே கதைதான். ஒருத்தர் ஸ்கூட்டருக்கு வைக்கிற மாதிரி எலுமிச்சம்பழத்தை அறுத்துச் சாறோட மெஷின்ல வச்சிருக்கார். உங்க ஃப்ரெண்டு பரவால்ல. அவர் பெட்டி மேல வச்சாரா, மெஷின் மேலயே வச்சாரா?" "மெஷின் மேல." "மேல ரெண்டு ஊசித் துளை இருக்கும், மைக்கு. அது மேலயா?" "அது மேல." "எவ்வளவு சந்தனம் சார்?" எவ்வளவு என்றால்? "இல்ல சார், பொட்டு மாதிரின்னா மேல் மூடியோட நின்னிருக்கும். மூடியை மாத்திட்டா போதும், வீட்லயே அஞ்சு நிமிஷ வேலை. நிறைய வச்சு, அழுத்தித் துடைச்சு, பின்னு கின்னு விட்டுக் குத்தியிருந்தா நான் வேற மாதிரி சொல்லணும். தெரியாம நான் ஒண்ணு சொல்லப்போய் உள்ள தள்ளிட்டீங்கன்னா மெஷினே போயிரும். அதான் கேக்கறேன். எவ்வளவு சந்தனம்?"

எவ்வளவு. மிக்ஸிக்கு வைத்தது மிளகு அளவு. அரிவாள்மனைக்கு அதைவிடக் கொஞ்சம் கூட. ஸ்குரூ டிரைவருக்கு நுனியில் தீற்றல். மெஷினுக்கு வரும்போது கிண்ணத்தில் இன்னும் நிறைய இருந்தது, வீணாகக்கூடாதே என்று, ஆமாம், அதுதான், வீணாகக்கூடாதே என்று வழித்தேன். பெட்டி மூடியில் வைத்திருக்கலாமே? மூடியில் வைத்தால் மெஷினுக்கு வைத்ததாகாது என்று மூடியைத் திறந்தேன். திறந்து, கண்ணாடி போட்டுக்கொண்டு, எந்தப் பக்கம் துளை என்று பார்த்தேன். ஏன் பார்த்தேன்? துளையில் படாமல் வைக்கலாமென்று பார்த்தேனா? அப்படிப் பார்த்தவன் விரல் பிறகு எங்கே போயிற்று? கிளைமாக்ஸ், வயித்துப்போக்கு, செயலாளர் தரையில் உட்கார்ந்தது, அந்தச் சிரிப்பு அத்தனையும் கட்டைவிரலில் திரண்டு இருந்ததே, நெல்லிக்காய் அளவு. வைத்து அழுத்தியது. நடுவில் குங்குமம் வேறு. விடிகாலையில் அவள் எழுவதற்குள் வேட்டி நுனியால் துடைத்து, துடைக்கத் துடைக்க உள்ளே போவதைப் பார்த்து, அவள் தாலிச் சரட்டிலிருந்து கழற்றி வைத்திருந்த ஊக்கை எடுத்து நோண்டி, ஊக்கை அதே இடத்தில் வைத்து, ஒன்றுமே நடக்காத முகத்தோடு காப்பி குடித்தேனே. மெஷின் வேலை செய்யவில்லை என்று அவள் சொன்னபோது நான் சொன்ன முதல் சொல் என்ன? பெட்டியிலதான் பொட்டு வச்சேன், மெஷினைத் தொடவே இல்லை. அவள் நம்பினாள். காது கேட்டிருந்தால் நம்பியிருக்க மாட்டாள், குரலைக் கேட்டதும் பிடித்திருப்பாள். அவள் பிடிக்க முடியாத ஒரே ஒரு நாளை நானே உண்டாக்கி, அதற்குள் போய் உட்கார்ந்து பொய் சொன்னேன்.

திரும்பினால் இந்திராணி முன்னால் நிற்கிறாள். முதுகு காட்டினால் சுற்றி வருவாள் என்று தெரியாதா. சட்டென்று தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துப் பொத்திக்கொண்டார். "நெ... நெல்லிக்காய்..." "சார், வாயில துணி வச்சிருக்கீங்களா? ஒண்ணும் புரியல." இந்திராணி அவர் கையைத் தொட்டாள். துண்டைப் பிடுங்கவில்லை, கையின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள், அவ்வளவுதான். அவள் கண் அவர் கண்ணில் இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு வாயில் இல்லாமல் கண்ணில். பிறகு பார்வை மெதுவாக இறங்கி, மடங்கியிருந்த கட்டைவிரலில் வந்து நின்றது. காதில்லாத மனுஷிக்கு மூக்கு போய்விடுமா என்ன? துண்டு தானாகவே இறங்கியது. "நெல்லிக்காய் அளவும்மா," என்றார் சிகாமணி. "துளை மேலயே வச்சேன். பார்த்துத்தான் வச்சேன். அழுத்தித் துடைச்சேன். ஊக்கு விட்டுக் குத்தினேன். ஃப்ரெண்டு கிண்டு யாருமில்லை, நான்தான். அவளுக்குக் கேக்கக் கூடாதுன்னு எனக்குள்ள இருந்துச்சு." கடைசியில் சொன்னதைப் பெனிட்டா கேட்கவேயில்லை, அது மெஷினுக்குத் தேவையுமில்லை. ஆனால் வாய் திறந்தாயிற்று, நடுவில் மூட வரவில்லை. இந்திராணி உதட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லும் போய்ச் சேர்வது அவள் இமையில் தெரிந்தது.

குக்கர் இன்னொரு விசில் அடித்தது. பெனிட்டா குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "பரவால்ல சார். சொன்னீங்களே, அது போதும். ஊக்கு எவ்வளவு தூரம் போச்சு?" "முனைதான்." "அப்ப மூடிதான் கிழிஞ்சிருக்கும், உள்ள ஒண்ணும் ஆகியிருக்காது. நான் சொல்றதை அப்படியே செய்யுங்க. பெட்டிக்குள்ள வெல்வெட் தட்டு இருக்குல்ல, அதைத் தூக்குங்க, அடியில சின்னக் கவர்ல ரெண்டு உதிரி மூடி இருக்கும்." அவர் பெட்டியை எடுத்துத் தட்டைத் தூக்கிக் காட்டினார். மெஷினை இந்திராணியே எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனாள், ஒரு காலத்தில் நாள் முழுக்க ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகின விரல்கள். பெனிட்டா சொல்லச் சொல்ல அவர் உதட்டால் சொன்னார், அவள் உதட்டைப் பார்த்துச் செய்தாள். துளை தரையைப் பார்க்கிற மாதிரித் தலைகீழாப் பிடிங்க. பிடித்தாள். பழைய மூடியை நகத்தால நெம்புங்க. வந்தது, மஞ்சளும் சிவப்புமாக, கல்யாண வீட்டு நெற்றி மாதிரி. காய்ஞ்ச பிரஷ்ஷால வெளிப்பக்கமாவே தட்டுங்க, ஊதாதீங்க, வாயில ஈரம் இருக்கும். தட்டினாள், மேசைமேல் சந்தனப்பொடி உதிர்ந்தது. புது மூடி, டிக்னு சத்தம் வர்ற வரைக்கும். "டிக்னு வந்துச்சா?" என்று இந்திராணி அவரைக் கேட்டாள். வந்துச்சு என்று தலையாட்டினார். ஒரு சொல் கூட்டாமல், ஒரு சொல் குறைக்காமல், இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுக்கிறது இவ்வளவு கஷ்டமா? இதைத்தானே இவள் வருஷக்கணக்காகச் செய்தாள். ஒரு பொய்கூடச் சேர்க்காமல் ஊரெல்லாம் பேசினதைக் கடத்தியிருக்கிறாள்.

"இப்ப மாட்டச் சொல்லுங்க சார். ரெண்டடி தள்ளி நின்னு சாதாரணமா ஏதாவது பேசிப் பாருங்க. கத்தாதீங்க." இந்திராணி மாட்டினாள். தலையைச் சாய்த்தாள். ஃபேனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள். சிகாமணி என்ன பேசுவது என்று திண்டாடினார், மைக் டெஸ்டிங் என்று சொல்லலாமா, இந்திரா, கேக்குதா என்று கேட்கலாமா. அவள் விரலை உயர்த்தி நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். "இப்பச் சொன்னீங்கல்ல, அதைச் சொல்லுங்க," என்றாள். குரல் இறங்கியிருந்தது, தன் குரலைத் தானே கேட்கிறவர்களின் குரல். "எதை?" "நெல்லிக்காய்ல இருந்து. வாயில பார்த்தேன். காதுல கேக்கணும்." உதட்டோடு போயிற்று என்று நினைத்தது மறுபடி முதலிலிருந்து வந்து நின்றது. காதுமடல் எரிய, வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் எழுந்து நிற்கிறவன் மாதிரி அவர் அத்தனையையும் சொன்னார். கடைசியில் சொன்னதையும் சொன்னார். அவள் மூடின கண்ணோடு கேட்டுக்கொண்டிருந்தாள், சொல்லை அல்ல, சொல்லுக்குப் பின்னால். "மூச்சு கொஞ்சம் வாங்குது," என்றாள் முடிவில். "ஆனா நிஜந்தான்." சிரிக்கவில்லை. சிரிப்பாள் என்று இவருக்குள் ஒரு மூலை காத்துக்கொண்டிருந்தது, அந்த மூலைக்காகவும் வெட்கமாக இருந்தது. போனில் பெனிட்டா, "கேக்குதா சார் அம்மாவுக்கு?" என்றாள். "எல்லாம் கேட்டுருச்சும்மா," என்றார்.

வாசல் மணி அடித்தது. இந்திராணி எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு போனாள், ஆனால் தாழ்ப்பாளைத் தொடவில்லை. மூடின கதவுக்கு முன்னால் நின்றாள். நின்று, பழைய கணீரில், "நம்பர் ப்ளீஸ்," என்றாள். வெளியே ஒரு பையைத் தரையில் வைக்கிற சத்தம். அப்புறம் வயசான, தடித்த, மூக்கடைத்த குரல் ஒன்று கதவைத் தாண்டி வந்தது. "திண்டுக்கல்லா?" "திருச்சி, சாப்ட்டியா?" "ஆச்சுடி. கல்யாண வீட்ல கருவாடா போடுவான், வெறும் சாம்பாரு." இப்படியே கதவு திறக்காமல் பேசினார்கள், லைனில் பேசுகிற மாதிரி, ரெண்டு பேரும் அழுதுகொண்டு. லிஃப்ட்டில் வந்தவர்கள் என்னவோ ஏதோ என்று பார்த்தார்கள். சிகாமணி மேசையில் உதிர்ந்த சந்தனப்பொடியைக் கையால் கூட்டி எடுத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் கதவு திறந்து முகம் வந்தபோது இந்திராணி அந்த முகத்தைக் கையால் தடவிவிட்டு, பின்னால் திரும்பிக் காட்டினாள். "இவர்தான் எங்க வீட்டுக்காரர்." ஸ்டெல்லா கண்ணாடியை ஏற்றி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பார்த்த முகம் மலர்ந்தது. "அட, ஃபேன் ஓடுற டவரு! நான்தானே சார் இந்தப் பக்கம் லைன்ல இருந்தேன். அன்னிக்கே திருச்சி பூரா சிரிச்சோமே!" இந்திராணி அப்போதுதான் சிரித்தாள். கேட்டுச் சிரித்தாள்.

நடந்தது இவ்வளவுதான். இதை வெளியில் சொல்லாதீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன், சொல்லாமல் உங்களுக்கும் தூக்கம் வராது. ஆனால் யார் சொன்னது என்று கேட்டால் லிஃப்ட்டில் காதில் விழுந்தது என்றோ, கூரியர்காரன் சொன்னான் என்றோ எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளுங்கள். கீழ்வீட்டுக் கிழவன் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். மாடிப்படியில் எதிர்ப்பட்டால் அந்தம்மா இப்போதெல்லாம் தலையைச் சாய்த்துத்தான் நான் பேசுவதைக் கேட்கிறாள்.